சம்மனசு உட்காரும் இடம்

பிள்ளைகள் சத்தம் போடாமல் இருந்தாலே பாதிப் படிப்பு என்று எனக்கு முதன்முதலில் சொன்னது அமலோற்பவம் சிஸ்டர்தான், டீச்சர். போன ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில், மணி அடிப்பதற்கு முன்னால், மாதா சிலை இருக்கிற கெபிக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னார்கள். நான் மாதாவுக்குப் பூ மாற்றிக்கொண்டிருந்தேன். கையில் வாடின பூ. நீங்கள் பிரசவ லீவில் போய்விட்டீர்கள், ரெண்டாம் வகுப்புக்கு ஆள் இல்லை, நீ பிளஸ் டூ படித்தவள்தானே, நாலு பிள்ளை வளர்த்தவள்தானே, ஒரு வருஷம் வந்து பார்த்துக்கொள் என்றார்கள். எனக்குப் பாடம் நடத்தத் தெரியாதே சிஸ்டர் என்றேன். "நீ ஒன்னும் பெருசாப் பண்ண வேண்டாம் பாக்கியம். சத்தம் போடாமப் பாத்துக்க. அதுவே பாதிப் படிப்பு." இப்படித்தான் சொன்னார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னால் நான் மறுபேச்சு பேசுவேனா?

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இப்போது கேட்டால் சிஸ்டர் வேறு மாதிரி சொல்வார்கள். திங்கட்கிழமை நீங்கள் திரும்பவும் வேலைக்குச் சேரப் போகிறீர்கள். பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டுவதற்குள் ஆள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மற்றவர்கள் சொல்வதற்கு முந்தி நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். உங்கள் பிள்ளையையும் பார்த்த மாதிரி ஆயிற்று. தூங்கட்டும், எழுப்ப வேண்டாம். உங்களிடம் ஒன்று கேட்கவும் வேண்டும். அதைக் கடைசியில் கேட்கிறேன்.

நம்ம ஹால் சங்கதி உங்களுக்குத் தெரியாதா? ஒரே ஹால், நடுவில் தட்டி வைத்து மூன்று வகுப்பு. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். முதல் வாரம் நான் பட்ட பாடு மாதாவுக்குத்தான் தெரியும். டீச்சர் இவன் கிள்ளுதான். டீச்சர் பென்சில் முனை ஒடிஞ்சிட்டு. டீச்சர் தண்ணி. டீச்சர் ஒன்னுக்கு. ஒருத்தன் ஒன்றுக்கு என்றால் போதும், அத்தனை பேருக்கும் அப்போதே வந்துவிடும். அ எழுதச் சொல்லிக் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் திருவிழாக் கூட்டம் மாதிரி இரைச்சல். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்றாம் வகுப்பு ஸ்டெல்லா டீச்சர் ஸ்கேலை எடுத்து டக் டக்கென்று தட்டுவார்கள். தட்டுவது பிள்ளைகளுக்கா எனக்கா என்று தெரியாது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

என் பிள்ளைகள் நாலு பேரையும் நான் ஒரு பார்வையிலேயே அடக்கி வளர்த்தேன். இப்போதும் பாருங்கள், மூத்தவன் பஹ்ரைனிலிருந்து போன் பண்ணினால் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டான். சாப்பிட்டியாம்மா, வச்சிரட்டுமாம்மா, அவ்வளவுதான். அத்தனை அடக்கம்.

நான் ஒரு பிள்ளையைக்கூட அடித்ததில்லை. அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். வாயில் விரல் வை என்று சொல்லிப் பார்த்தேன். விரலை வாய்க்குள் விட்டுக்கொண்டு பேசினார்கள். பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுத லீடர் போட்டேன். பெனிட்டா என்று ஒரு குட்டி, துறுதுறு என்று இருப்பாளே, நம்ம ஐஸ்காரர் பேத்தி, அவள்தான் லீடர். நான் சிஸ்டரைப் பார்த்துவிட்டு வந்து பார்க்கிறேன், போர்டில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. பாக்கியம் டீச்சர். கீழே மூன்று கோடு. கோடு எதற்கு என்று கேட்டேன். "மூணு தடவ பேசிட்டீங்க டீச்சர்" என்கிறாள். வகுப்பே சிரித்தது. தட்டிக்கு அந்தப் பக்கமும் சிரித்தது. நான் அவர்களுக்காகப் பேசுவதும் அவர்கள் அரட்டை அடிப்பதும் ஒன்றா, நீங்களே சொல்லுங்கள்.

அன்றைக்கு ராத்திரி ஜெபமாலை சொல்லும்போது மனசு பொறுக்காமல் அழுதேன். ஆண்டவரே, இந்தப் பிள்ளைகளை அடிக்கவும் என்னால் ஆகாது, அடக்கவும் ஆகவில்லையே என்று. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. எனக்கு வந்தது என்று சொல்ல மாட்டேன். கொடுக்கப்பட்டது.

காலையில் போய்ப் பிள்ளைகளிடம் மெதுவாகச் சொன்னேன். உங்கள் ஒவ்வொருத்தருக்கும் ஆண்டவர் வானத்திலிருந்து அனுப்பின ஒரு காவல் சம்மனசு இருக்கிறது, இப்போது உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, சம்மனசுக்குச் சத்தம் ஆகாது, நீங்கள் பேசினால் எழுந்து போய்விடும் என்று. இடம் விட்டு உட்காருங்கள், பாவம், அதற்கு இறக்கை வேறு இருக்கிறது என்றேன். நான் சொல்லி வாய் மூடவில்லை, பெஞ்சு எல்லாம் கீச் கீச்சென்றது. ஒவ்வொன்றும் பாதிப் பிட்டத்தில் உட்கார்ந்துகொண்டு பக்கத்தில் இடம் விட்டது. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்த மாதிரி.

ரெண்டு நாள் சண்டை இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். டீச்சர், இவன் என் சம்மனசு மேல கால் போடுதான். டீச்சர், என் சம்மனசு ஒன்னுக்குப் போயிருக்கு, நானும் போயிட்டு வரட்டா. அதற்கப்புறம் ஒரு அமைதி வந்தது பாருங்கள். கோயிலில் பூசை நடுவே எழுந்தேற்றத்தின்போதுகூட அப்படி அமைதி இருக்காது. ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்த ஃபேனுக்குச் சத்தம் உண்டு என்றே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஸ்டெல்லா டீச்சர் தட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள், பிள்ளைகள் இருக்கிறார்களா என்று. சிஸ்டர் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, பாக்கியம், என்ன மந்திரம் போட்ட என்று கேட்டார்கள். எனக்குப் பெருமைதான். பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னேன், பெருமைப்பட்டேன் சுவாமி என்று.

அதில் ரொம்ப நன்றாகக் கேட்டு நடந்தது யார் என்றால் ஜெஸ்லின். மூன்றாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம். வியாகப்பன் மகள். உங்களுக்கு முகம் தெரியாது, முதல் வகுப்பை வேறு பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்தவள். வியாகப்பன் மீன் பிடிக்கப் போட்டில் போகிற ஆள். அந்த வீட்டில் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால், போன தவக்காலத்தில், ஒரு கைக்குழந்தை இறந்துபோனது. ஆல்வின் என்று பெயர். நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் நிற்கவில்லை. அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். இந்தப் பிள்ளை அந்தச் சின்னப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்று ஒரே கத்தல். யாருக்கும் அடங்கவில்லை. நான்தான் அணைத்துப் பிடித்து, அழாதே மக்கா, தம்பி எங்கயும் போகல, சம்மனசா ஆயிட்டான், உன் கூடவேதான் இருப்பான் என்று சொன்னேன். உடனே அழுகையை நிறுத்திவிட்டாள். என் பேச்சுக்கு அப்போதிருந்தே அவளிடம் ஒரு மதிப்பு.

வகுப்பில் அவள் மாதிரி ஒரு பிள்ளை கிடையாது. மற்றதெல்லாம் நான் வெளியே போனால் கிசுகிசு என்று பேசும். இவள் பேச மாட்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பேச மாட்டாள். விளையாட விட்டாலும் பேச மாட்டாள். பெஞ்சின் விளிம்பில், விழுந்துவிடுவாளோ என்று நமக்குப் பயமாக இருக்கும், அவ்வளவு ஓரத்தில் உட்கார்ந்து பக்கத்தில் நிறைய இடம் விட்டிருப்பாள். அந்த இடத்தில் கைக்குட்டையை விரித்து வைப்பாள். இடது கையால் அதை மெதுவாகத் தட்டிக்கொண்டே இருப்பாள், தாளம் போடுகிற மாதிரி. மனசுக்குள் பாட்டு ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். சத்துணவில் முட்டை போட்டால் பாதியைப் பிய்த்துக் கைக்குட்டையில் வைப்பாள். சம்மனசு முட்டை சாப்பிடாது மக்கா, நீ சாப்பிடு என்று சொல்வேன். என்னை ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். அந்த முட்டையை அப்புறம் எறும்பு தின்னும்.

மற்ற பிள்ளைகளிடம் நான், ஜெஸ்லினைப் பாருங்கள், ஜெஸ்லினைப் பாருங்கள் என்று சொல்லிச் சொல்லியே வகுப்பை நடத்தினேன். நல்லவள் என்று மாதா படம் ஒன்று கொடுத்தேன்.

இது பிறகு எப்படித் திரும்பியது பாருங்கள். ஒரு நாள் வியாகப்பன் வந்து நின்றான். தலையில் தொப்பி, வாயில் ஒரு வாடை, கைலியை மடித்துக் கட்டியபடியே பள்ளிக்கூடத்துக்குள் வருகிறான். மரியாதை தெரியாத ஆள். வீட்டில் பிள்ளை வாயே திறக்க மாட்டேன் என்கிறது, அம்மையிடம்கூடக் கையைக் காட்டித்தான் கேட்கிறது, டாக்டரிடம் காட்டினோம், தொண்டையில் ஒன்றும் இல்லை என்கிறார், இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டான். நான் பொறுமையாகத்தான் பதில் சொன்னேன். பெண் பிள்ளை அடக்கமாக இருப்பது நல்லதுதானே, மற்ற வீடுகளில் இதற்காக நவநாள் செய்கிறார்கள், நீங்கள் என்னவென்றால் குறை சொல்ல வந்திருக்கிறீர்களே என்றேன். சம்மனசு விஷயத்தையும் சொன்னேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"எங்க வீட்ல ஒரு பிள்ளை சத்தம் நின்னது பத்தாதா டீச்சர்?"

அவ்வளவுதான் கேட்டான். கேட்டுவிட்டுப் போய்விட்டான். எனக்கு எவ்வளவு வருத்தமாக இருந்திருக்கும்? குடித்துவிட்டு வந்து பேசுகிறவனுக்கு நான் என்ன பதில் சொல்ல? அவனுக்காக அன்றைக்கு ஜெபமாலையில் ஒரு பத்துமணி கூடச் சொன்னேன்.

அப்புறம் நவம்பரில் வகுப்பைப் பார்வையிடக் கல்வி ஆபீசர் அம்மா வந்தார்கள். நல்ல அம்மாதான், முகத்தில் அறைகிற மாதிரி பேசவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையும் படிப்பில் எந்தப் படியில் இருக்கிறது, அரும்பில் இருக்கிறதா, மொட்டில் இருக்கிறதா, மலரில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். வகுப்புக்குள் வந்ததும் அசந்துவிட்டார்கள். இவ்வளவு ஒழுங்கான வகுப்பைப் பார்த்ததே இல்லை என்று சிஸ்டரிடம் சொன்னார்கள். என் காதால் கேட்டேன். அதை இப்போது யாரும் சொல்வதில்லை.

முதல் பெஞ்சுப் பையனிடம் அட்டையைக் காட்டி வாசிக்கச் சொன்னார்கள். வாசிக்கவில்லை. உன் பேர் என்ன என்று கேட்டார்கள். சொல்லவில்லை. அடுத்தவனைக் கேட்டார்கள். அவனும் சொல்லவில்லை. எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு அவர்களையே பார்க்கிறார்கள். பெனிட்டாவிடம் போய்க் குனிந்து கேட்டதற்கு அவள், ஜாடையில், நீங்களும் பேசாதீங்க என்று காட்டுகிறாள். எனக்கு வேர்த்துவிட்டது. சொல்லுங்க மக்கா, இப்பப் பேசலாம், டீச்சர் சொல்லுதேன் பேசுங்க என்றேன். ஒன்றும் அசையவில்லை. நான் அடக்கின பிள்ளைகளை என்னாலேயே பேச வைக்க முடியவில்லை. அவ்வளவு கீழ்ப்படிதல். அதையல்லவா அந்த அம்மா எழுதியிருக்க வேண்டும்?

அந்த அம்மா சிரித்துக்கொண்டே, பயப்படுகிறார்கள் போல, நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டு மூன்றாவது பெஞ்சுக்குப் போனார்கள். அங்கேதான் இடம் இருந்தது. ஜெஸ்லின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்தப் பிள்ளை எழுந்தது பாருங்கள். ரெண்டு கையாலும் அந்த அம்மாவைப் பிடித்துத் தள்ளுகிறது.

"எந்திரிங்க, எந்திரிங்க. தம்பி நசுங்குதான். தம்பி நசுங்குதான்."

ஹால் முழுக்கக் கேட்டது. தட்டிக்கு அந்தப் பக்கம், அதற்கும் அந்தப் பக்கம், சமையல்கட்டு வரைக்கும் கேட்டது. ஆபீசர் அம்மா பதறி எழுந்துவிட்டார்கள். ஜெஸ்லின் கைக்குட்டையை எடுத்துப் பார்த்தாள். பெஞ்சைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் சட்டென்று வாயை ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். விரல் நடுவே வந்தது ஒரு சத்தம். "பேசிட்டேனே. பேசிட்டேனே." அதற்குமேல் வார்த்தை இல்லை. அடக்கத்தன்று அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாளே, அதே அழுகை. நான் அணைக்கப் போனேன். அன்றைக்கு என்னிடம் வந்த பிள்ளை இந்தத் தடவை வரவில்லை. ஸ்டெல்லா டீச்சர் ஓடிவந்துதான் தூக்கினார்கள்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை டீச்சர். நான் சம்மனசு என்றுதானே சொன்னேன்? தம்பி என்று ஒரு நாளாவது வகுப்பில் சொன்னேனா? அத்தனை மாதம் கட்டிக்காத்த பிள்ளை, அத்தனை நல்ல பிள்ளை, ஆபீசர் வந்த அன்றைக்குப் பார்த்து என்னைத் தலைகுனிய வைத்துவிட்டாளே என்றுதான் அப்போது எனக்கு இருந்தது.

சாயங்காலம் சிஸ்டர் கூப்பிட்டார்கள். உட்காரச் சொல்லவில்லை. "சத்தம் போடாமப் பாத்துக்கன்னு சொன்னேன் பாக்கியம். சத்தமே இல்லாமப் பண்ணவா சொன்னேன்?" என்று கேட்டார்கள். ரெண்டும் ஒன்றுதானே சிஸ்டர் என்றேன். நாளையிலிருந்து நீ கெபியை மட்டும் பார்த்துக்கொள் என்றார்கள். வகுப்பில் கொடுத்த சாக்பீஸ் பெட்டியைக்கூட அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் ஷாமிலி என்று ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். படித்த பெண்தான், டீச்சர் டிரெயினிங் முடித்தது. ஆனால் என்ன கூத்து என்கிறீர்கள். கை தட்டு என்கிறது, பெஞ்சைத் தட்டு என்கிறது, தவளை மாதிரி குதி என்கிறது. கூட்டலைக் குதித்துக் குதித்துச் சொல்கிறார்கள். கதை சொன்னால் நரியாக ஒருத்தன் ஊளையிடுகிறான். சம்மனசுக்கு விட்ட இடத்தில் எல்லாம் பையை வைக்கச் சொல்லிவிட்டது. நான் இருக்கும்போது பென்சில் விழுந்தாலே ஸ்கேலைத் தட்டின ஸ்டெல்லா டீச்சர், இப்போது தட்டிக்கு அந்தப் பக்கம் அவர்கள் பிள்ளைகளையும் சேர்த்துக் கை தட்ட விடுகிறார்கள். ஒரு வார்த்தை சொல்வதில்லை. எனக்கு ஒரு நியாயம், அந்தப் பெண்ணுக்கு ஒரு நியாயம்.

பிள்ளைகள் நன்றாக வாசிக்கிறார்களாம். சொல்கிறார்கள். வாசிக்கட்டும். நான் வேண்டாம் என்றா சொன்னேன்?

ஜெஸ்லினும் பேசுகிறாளாம். அந்தப் பெண் அவளிடம் தம்பியைப் பற்றிக் கேட்டுக் கேட்டு, தம்பி எப்படிச் சிரிப்பான், எப்படித் தூங்குவான் என்று வகுப்பில் எல்லாருக்கும் சொல்ல வைத்ததாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. மறந்துபோக வேண்டியதைக் கிளறலாமா? வியாகப்பன் வந்து அந்தப் பெண்ணுக்கு ஒரு கூடை மீன் கொடுத்துவிட்டுப் போனான். என்னைக் கெபியில் பார்த்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடியே போனான்.

தினமும் காலையில் பூ மாற்றப் போகிறேன். ஹாலிலிருந்து அந்த இரைச்சல் வரும். முதலில் காதைப் பொத்திக்கொண்டு ஜெபம் சொல்வேன். இப்போது கொஞ்ச நாளாக நின்று கேட்கிறேன். இதில் ஜெஸ்லின் சத்தம் எது என்று பார்ப்பேன். கண்டுபிடிக்க முடிவதில்லை. பெனிட்டா சத்தம் தெரிகிறது, அந்த நரிப் பையன் சத்தம் தெரிகிறது. இவள் சத்தம் எனக்கு எப்படித் தெரியும்? நான் அவளைக் கேட்டதே ரெண்டு தடவைதான், ரெண்டு தடவையும் அழுகை.

அடடா, எழுந்துவிட்டானா. நான் பேசின சத்தம்தான். இங்கே கொடுங்கள், நான் வைத்திருக்கிறேன், என்ன கனம் பாருங்கள். என்ன ராசா, என்ன சொல்லுத? ப்பா ப்பாவா? சொல்லு, சொல்லு. எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லு, கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நேரமாகிறது, பஸ் போய்விடும். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நீங்கள் பயப்பட வேண்டாம், என்னைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லிச் சிஸ்டரிடம் பேசுங்கள் என்று கேட்க வரவில்லை. அது போகட்டும்.

நேற்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூன்றாவது பெஞ்சில் அவளும் பையைத்தான் வைத்திருக்கிறாள், மற்ற பிள்ளைகள் மாதிரி. ஆனால் பைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கை அகலம் இடம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு அது தெரியாது. ஒட்டி உட்காரு, அந்தப் பக்கம் இன்னொரு பிள்ளைக்கு இடம் கொடு என்றுதான் சொல்லத் தோன்றும். நீங்கள் சொல்லிவிடாதீர்கள் டீச்சர். அவளாக நகர்ந்து உட்காருகிற வரைக்கும் அந்த இடம் அப்படியே இருக்கட்டும்.